வில்லியம் கார்ட்டருக்கு ஒரு பூசை

போன கிழமை மகள் வெள்ளிக் கரண்டி துடைக்கிற பசையின் மூடியைத் திறந்தாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் வுப்பர்டாலில் எங்கள் பழைய சமையலறை மேசைதான் கண்ணுக்குள் வந்து நின்றது. ஞாயிறு பூசைக்குத் தன் சப்பாத்தை மினுக்காத மனிதர் அங்கே இருந்து, இங்கிலாந்து இராணியின் சிப்பாய்களை மினுக்குவார்.

என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். இலங்கை ஆமிக்குப் பயந்து கடல் கடந்து வந்தவர், ஜெர்மனியின் பழஞ்சாமான் சந்தைகளில் ஆமிக்காரரின் பதக்கம் தேடினார். அதுவும் எங்களை ஆண்ட வெள்ளைக்காரனின் ஆமி. இதை விளங்கப்படுத்த என் ஐந்தாம் வகுப்புப் படிப்புப் போதாது.

பதக்கத்தின் முகத்தில் விக்டோரியா மகாராணி. விளிம்பைச் சுற்றி, எறும்பு ஊர்ந்த மாதிரிச் சிப்பாயின் பெயர். அதைப் பூதக்கண்ணாடியால் வாசித்து, பழைய ஆமிப் பதிவேடுகள் இருக்கிற இங்கிலாந்து அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவார். மறுமொழியும் வந்துவிடும், அதுதான் அதிசயம். வில்லியம் கார்ட்டர் என்று ஒருவன். சப்பாத்துத் தைப்பவரின் மகன். ஆப்கானிஸ்தான் சண்டைக்குப் போனவனைக் குண்டு கொல்லவில்லை, வாந்திபேதி கொன்றது. அதற்கும் மகாராணி வெள்ளியில் பதக்கம் கொடுத்திருக்கிறா. எங்கள் ஊரில் பேதிக்கு மல்லித்தண்ணீர்தான் கொடுத்தார்கள்.

கார்ட்டருக்குப் பூசை வைக்க ஆளில்லையே என்று இவருக்குக் கவலை. நவம்பர் எங்கள் கத்தோலிக்கருக்குச் செத்தவர்களின் மாதம்; தமிழ்ப் பூசையில் அவர்களின் பெயரைக் கொடுத்தால் சுவாமியார் பீடத்தில் நின்று வாசிப்பார். கொடுத்துவிட்டார். சூசைப்பிள்ளைக்கும் மரியம்மாவுக்கும் பின்னால் வில்லியம் கார்ட்டர்!

"எப்ப பிள்ளை வெள்ளைக்காரச் சம்பந்தம்? எங்களுக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லை" என்று பூசை முடிந்து தேநீர் குடிக்கையில் பிலோமினா அக்கா கேட்டா. நான் றோல்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு பேர் கூடினால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

சமாதானம் என்று சொல்லி ஊரில் பாதை திறந்த வருடங்கள் அவை. போய்வந்த எல்லாரிடமும் என் தம்பி அன்ரனைப் பற்றிக் கேட்டேன். ஆமிக்காரர் சைக்கிளிலிருந்து இறக்கிக் கூட்டிப்போன பிள்ளை. ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் இவர் பதக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"இஞ்சேரும், அன்ரன்ரை பேரையும் குடுப்பமே?"

"உங்கடை ராணியின்ரை ஆமி, செத்தவன் எங்கை கிடக்கிறான் எண்டு எழுதி வைச்சிருக்கு. எங்கடை பிள்ளையைக் கொண்டுபோனவை எங்கை எழுதினவை? அதைக் கேட்டு ஒரு கடிதம் போடுங்கோ, பாப்பம்."

போட்டார். பல இடங்களுக்குப் போட்டார். நூறு வருடத்துக்கு முந்திய பேதிக்காரனைப் பற்றி மறுமொழி வந்து விழுந்த தபால்பெட்டியில், அன்ரனைப் பற்றி ஒரு வரியும் விழவில்லை.

அடுத்த நவம்பரில் சுவாமியார் வாசித்துக்கொண்டு போனார். கார்ட்டருக்கு அடுத்ததாக அன்ரன். எனக்குத் தெரியாமல் இவர் கொடுத்திருக்கிறார். நான் எழும்பி நின்றுவிட்டேன்.

"அவன் செத்தவனில்லை, சுவாமி."

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் குரல் எப்படியிருக்கும் என்று பலருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும்.  சுவாமியார் முன்வரிசையில் ஒருவரிடம் பேனை வாங்கி அந்தப் பெயரை வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

பஸ்சில் பாதி வழியில் இவர் சொன்னார்: "அவனுக்கும் ஒரு இடம் இருக்கட்டும் எண்டுதான்."  அதன்பிறகு அவர் ஒரு பதக்கமும் வாங்கவில்லை.

இப்போது அவரும் இல்லை. பதக்கங்களை மகள் ஒரு கடைக்காரரிடம் கொண்டுபோனாள். மினுக்கிக் கெடுத்துவிட்டீர்கள் என்று முகம் சுளித்தாராம். எங்கள் தமிழ்ப் பூசையும் நின்றுபோய்விட்டது. பிலோமினா அக்காவைப் போன்றவர்கள் ஒவ்வொருவராய்ப் போக, பிள்ளைகள் ஜெர்மன் பூசைக்குப் போகிறார்கள், அதுவும் யேசு பிறந்த நத்தாருக்கு மட்டும். அங்கே பெயர் வாசிக்கிற வழக்கமில்லை. செத்தவர் ஒருவருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வரவேண்டியதுதான். யாருக்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. நல்ல வசதி.

அவருக்கு ஒன்று கொளுத்துகிறேன். கார்ட்டருக்கும் ஒன்று, வேறு ஆளில்லையே. அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.