நான் சிரித்தேன், பிலோமினா ஏலாது என்றார்

சம்பளமில்லாத உத்தியோகங்களில் சங்கச் செயலாளர் வேலையைப் போல வயிறெரிய வைப்பது வேறொன்றில்லை. சங்கத்துக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அரச அலுவலகப் படியேறிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நான் சொல்ல வருவது உடனே விளங்கும். ஹொல்ஸ்டெப்ரோ என்ற டெனிஷ் நகரத்தில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்பு நடத்தும் சங்கத்துக்குப் பதினொரு வருடமாக நான்தான் செயலாளர். வகுப்பறை கொம்யூன் தருவது. நகரசபையை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்.

என் வயிற்றெரிச்சலுக்குப் பெயர் பிலோமினா. மன்னார்க்காரி, முதியோர் இல்லத்தில் வேலை. அதே பள்ளிக்கூடத்தில், அதே சனிக்கிழமை, பக்கத்து அறையில் ஓய்வுபெற்ற பெண்களுக்குத் தையல் வட்டம் நடத்துகிறார். தொடங்கி மூன்று வருடம்தான். டெனிஷ் என்னைவிட மோசம். ஆனால் கேட்டதெல்லாம் அவருக்குக் கிடைக்கும்.

நாலு பக்கக் கடிதம்

பிள்ளைகளுக்குத் தேநீர் வைக்கப் பள்ளிக்கூடக் குசினியைப் பாவிக்க அனுமதி வேண்டியிருந்தது. நாலு பக்கம் எழுதினேன். முதல் பக்கம் கொம்யூனுக்கு நன்றி, இரண்டாம் பக்கம் சங்க வரலாறு, மூன்றாம் பக்கம் தாய்மொழியின் அருமை. டெனிஷில் மரியாதை போதாதென்று, அரச குடும்பத்துக்கு எழுதுகிற சொற்களைத் தேடிப்பிடித்துப் போட்டேன். இரண்டு மாதமாகப் பதில் இல்லை. அதற்குள் பிலோமினா பள்ளிக்கூடப் பராமரிப்பாளரோடு நின்ற நிலையில் கதைத்துக் குசினித் திறப்பை வாங்கிவிட்டார். அதை விரலில் சுழற்றிக்கொண்டு அவர் போனதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கொம்யூனில் சங்கங்களுக்குப் பொறுப்பான கீர்ஸ்டன் என்ற அம்மாவிடம் போய் விசாரித்தேன். அவர் சொன்னார்: "மிக அழகான கடிதம். அலுவலகத்தில் மூன்று பேர் வாசித்தோம். உங்களுக்கு என்ன வேண்டும் என்றுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை."

ஐம்பது ரோல்ஸ்

வருடத்துக்கு இரண்டு முறை கொம்யூன் எல்லாச் சங்கங்களையும் ஒரே மேசையில் இருத்திக் குறைநிறை கேட்கும். வெறுங்கையோடு போகலாமா? மனைவி வேலையால் வந்த கையோடு ஐம்பது ரோல்ஸ் பொரித்துத் தந்தாள். கீர்ஸ்டன் நாலு சாப்பிட்டார். அவ்வளவு சந்தோசமாகச் சாப்பிடுகிற மனுசியிடம் எங்கள் வகுப்பறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது? பிலோமினா ஒன்றும் கொண்டுவரவில்லை. என் ரோல்ஸைக் கடித்தபடியே, தன் அறைக் கதவு பூட்டுப்படவில்லை என்று முறைப்பட்டார். இரண்டு கிழமையில் அவருக்குப் புதுக்கதவு. எங்கள் பிள்ளைகள் ஜாக்கெட்டோடு இருந்து அ, ஆ எழுதினார்கள்.

வீட்டுக்கு வந்து புழுங்கித் தீர்த்தேன். மனைவி சொன்னாள்: "உங்கட ரோல்ஸ் அவையின்ர வயித்தில, அவவின்ர கதவு சுவரில. இனி என்னை எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில கூப்பிடாதேங்கோ."

வாகனத் தரிப்பிடம்

போன கூட்டத்தில் இடி விழுந்தது. பள்ளிக்கூடத்தின் ஒரு பகுதியைத் திருத்தப் போகிறார்கள். சனிக்கிழமைக்கு இனி ஒரு அறைதான். "ஒரு குழு புதன் பின்னேரத்துக்கு மாறலாமா?" என்று கீர்ஸ்டன் கேட்டார். பிலோமினா யோசிக்கவேயில்லை, "எங்களுக்கு ஏலாது" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புதன் பின்னேரம் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம், பெற்றோருக்குத் தொழிற்சாலையில் வேலை. மாறினால் வகுப்பு செத்தது. ஆனாலும் பத்துப் பேருக்கு முன்னால் ஒரு அதிகாரியை மறுத்துக் கதைப்பதா? சிரித்தேன். முடிந்தபிறகு தனியாகச் சொல்லலாம் என்பது என் எண்ணம். யாழ்ப்பாணத்து அரச கந்தோர்களில் அப்படித்தானே காரியம் நடக்கும்.

வெளியே தரிப்பிடத்தில் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டு நின்ற கீர்ஸ்டனிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். ஹெல்மெட் பட்டியை மாட்டியபடி அவர் சொன்னார்: "கூட்டம் இரண்டு மணித்தியாலம் உள்ளே நடந்தது. இப்போது ஏன் இதை என் சைக்கிளுக்குச் சொல்கிறீர்கள்?"

ஒரு வரி

கூட்ட அறிக்கை வந்தது. "தமிழ் வகுப்பு மனமுவந்து புதன்கிழமைக்கு மாறுகிறது" என்று எழுதியிருந்தது. ஆட்சேபம் இருந்தால் ஒரு கிழமைக்குள் சொல்ல வேண்டும். பாதிப் பெற்றோர் பிள்ளைகளை நிற்பாட்டப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், வகுப்பு போகிறதே என்பதைவிட, அந்த அறை பிலோமினாவுக்குப் போகிறதே என்பதுதான் முதலில் என்னைச் சுட்டது. அப்புறம்தான் பிள்ளைகளின் முகம் ஞாபகத்துக்கு வந்து வெட்கமாக இருந்தது. நாலு நாள் இழுத்தடித்துக் கடைசியில் ஒரே ஒரு வரி எழுதினேன்: "முடியாது, எங்களுக்குச் சனிக்கிழமை வேண்டும்." நன்றிகூட எழுதவில்லை.

அடுத்த நாள் கீர்ஸ்டன் தொலைபேசியில் சொன்னார்: "சனிக்கிழமை உங்களுக்குத்தான். பிலோமினா முந்தநாளே வந்து, தன் ஆட்களுக்கு நூலகத்தில் புதன் காலைக்கு ஒரு அறை கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த அறையை விட்டுக்கொடுத்துவிட்டார். கூட்டத்தில் நீங்கள் சிரித்தது சம்மதமில்லை, மறுப்பு என்றும் அவர்தான் விளங்கப்படுத்தினார். ஹீட்டரைப் பற்றியும் சொன்னார்."

பதினொரு வருடத்தில் கொம்யூனுக்கு நான் சொன்ன முதலாவது "முடியாது" அது. அதையும் எனக்கு முன்னால் போய்ச் சொல்லிவிட்டு வந்த அந்த மனுசிக்கு நான் நன்றி வேறு சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் இப்போதைய வயிற்றெரிச்சல்.