ஆஸ்பத்திரி முட்டை

பத்திரிகையின் ஆரோக்கியப் பக்கத்தில் பளபளவென்று ஒரு படம். பாதியாக வெட்டிய முட்டை, ஒரு துண்டு மீன், ஒரு கிண்ணம் பருப்பு. கீழே செய்தி. முட்டையிலும் மீனிலும் பயறிலும் உள்ள புரதம் வயிற்றில் செரிக்கும்போது சின்னச் சின்னத் துண்டுகளாக உடைகிறதாம். பெப்டைட் என்று பெயராம். அவற்றில் சில, சாப்பாட்டிலிருக்கும் மாச்சத்து சீனியாக மாறும் வேகத்தைத் தணிக்கலாமாம், இன்சுலினுக்குத் துணை நிற்கலாமாம். ஆய்வுக்கூடத்தில்தான் பார்த்திருக்கிறார்கள், மனிதர்களிடம் இன்னும் உறுதியாகவில்லை என்று கடைசி வரியில் அடக்கமாகச் சொல்லியிருந்தார்கள். அதில் எனக்குக் கோபமில்லை. அதற்கும் மேலே இருந்த வரியில்தான் கோபம்: "உங்கள் உணவுப் பழக்கத்தை மாற்றுங்கள்."

பழக்கமாம்!

எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில், காலையில் கோதுமை மா ரொட்டி. கொழுந்து பறிக்க மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி. இரவில் சோறு, அதற்குப் பருப்பு. சட்டியின் அடியில் கெட்டியாக நிற்கும் பருப்பு அப்பாவுக்கும் அண்ணன்மாருக்கும். மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் தண்ணீர் அம்மாவுக்கு. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. அகப்பைக்கு அது தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று தெரிந்தது நாற்பது வயதுக்குள். தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தவர் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "மாச் சாமானக் குறைக்கணும். முட்டை, மீன், பருப்பு நல்லா சாப்பிடணும். வெளங்குதா?"

"வெளங்குதுங்கய்யா" என்றாள் அம்மா. குறுக்குப் பாதையில் இறங்கும்போது சிரித்தாள். "முட்டையாம், மீனாம்! எனக்கென்ன சடங்கா, புள்ளப்பேறா?"

அவள் சொன்னது வேடிக்கை இல்லை. எங்கள் லயத்தில் ஒரு பெண்ணுக்கு முட்டை வரும் காலங்கள் அவைதாம். வயதுக்கு வந்ததும் நல்லெண்ணெயில் பச்சை முட்டை அடித்துக் கொடுப்பார்கள், உளுந்தங்களி கிண்டுவார்கள். பிள்ளை பெற்றால் மறுபடி கொஞ்சம் கவனிப்பு. நடுவிலும் பிறகும் அவள் உடம்பு உடம்பே இல்லை. கூடை தொங்கும் ஆணி.

இருந்தாலும் ஒருநாள் அம்மா துணிந்தாள். எங்கள் கோழி இட்ட முட்டையை அவித்து, இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து உரித்தாள். அடுத்த காம்பராச் சின்னம்மா பார்த்துவிட்டார்.

"என்னா மதினி, மறுபடியும் வயசுக்கு வந்துட்டீங்களா? சீரு எப்ப?"

லயமே சிரித்தது. எல்லாரையும் விட உரக்கச் சிரித்தவள் அம்மாதான். அதன் பிறகு அவள் முட்டையைத் தொடவில்லை. ஒரு சிரிப்பு போதும், ஒரு பெண்ணைப் பட்டினி போட.

கவ்வாத்தில் கிளை நறுக்கிய தேயிலைக் கட்டை அம்மாவின் கால்விரலில் குத்தியதும், நான் வயதுக்கு வந்ததும் ஒரே மழைக்காலத்தில். தமிழர்களை அடித்து விரட்டிய கலவரத்துக்கு அடுத்த வருஷம். பஸ்ஸை நம்பி யாரும் வெளிக்கிடாத நேரத்திலும், தாய்மாமன் உமிக்குள் முட்டைகளை அடுக்கிப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். அம்மா சீலைத்துணி சுற்றிய காலை இழுத்து இழுத்து வந்து, விடியற்காலையில் முட்டையை அடித்து நீட்டுவாள். துணியில் ஈரம் கசிந்திருக்கும். ஒருநாள் நான் வாங்கவில்லை.

"நீ குடிம்மா. டிஸ்பென்சரியில ஒனக்குத்தானே சொன்னாங்க?"

"அடி கழுத! ஒன் மாமன் ஒனக்குக் கொண்டாந்த சீரு. நான் குடிச்சா நாலு பேரு காறித் துப்புவாங்க."

"ஒன் காலு வீங்கிக் கெடக்கு. நீ குடிக்காட்டி நானும் குடிக்கமாட்டேன்."

வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்களத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அப்பா எட்டிப் பார்த்தார். "ஒரு முட்டைக்கு எதுக்கு ரெண்டு பேரும் மல்லுக்கட்டுறீங்க? வேணாம்னா இங்க குடு." வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு மலைக்குப் போனார். கெட்ட மனுசன் இல்லை அவர். அம்மாவின் காலுக்குப் பச்சிலை தேடி மழையில் அலைந்தவர் அவரேதான். அதனால்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை. கெட்டவனென்றால் திட்டித் தீர்த்திருப்பேனே.

அம்மா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

கட்டை குத்திய விரல் கறுத்தது. மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பக்கத்து விரலும் கறுத்திருந்தது. இரண்டையும் எடுத்தார்கள். ஒரு முட்டை அவற்றைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. எந்த டாக்டரும் சொல்லமாட்டார். ஆனால் அவள் உடம்புக்கு ஒன்று தேவை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதை அவள் வாயருகே விட யாருக்கும் மனமில்லை, அவளுக்கும் இல்லை.

எனக்குச் சடங்கு கழிந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு, அவளைப் பார்க்கப் போனேன். வார்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆளுக்கொரு அவித்த முட்டை வைத்திருந்தார்கள். அம்மாவின் தட்டில் சோறு இருந்தது, முட்டை இல்லை. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"இந்தா, பத்தரமா வச்சிக்க. ஒங்கப்பாவுக்குக் குடு. பாவம், மழையில வேல செய்யிறவரு."

என்னவோ ஏறியது எனக்குத் தலைக்கு. கட்டிலின் இரும்பிலேயே முட்டையைத் தட்டினேன். ஓடு கீழே சிதறியது. தாதி சிங்களத்தில் ஏதோ அதட்டினாள். பக்கத்துக் கட்டில்களில் தலைகள் திரும்பின.

"எல்லாரும் பாக்குறாங்கடி" என்றாள் அம்மா.

"பாக்கட்டும்."

உரித்த முட்டையை அவள் உதட்டுக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றேன். தின்று முடிக்கும் வரை நகரவில்லை. அவள் அழுதுகொண்டே தின்றாள், திருடித் தின்பவளைப் போல.