அக்காவின் போனுக்கு ரூட்

ரெபேக்காள் எதையும் படித்துவிட்டுத்தான் தொடுவாள். மிக்ஸி வாங்கினால், டப்பாவுக்குள் இருக்கும் சின்னப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்து முடித்த பிறகுதான் பிளக்கைச் செருகுவாள். பொத்தேரியில் ஒரு மாணவியர் விடுதிச் சமையல்கூடத்தில் காய் நறுக்கச் சேர்ந்தவள் அவள். புதிதாக வந்த கிரைண்டர் ஒருநாள் காலை ஓடாமல் நின்றது. எல்லோரும் மெக்கானிக்குக்காகக் காத்திருந்தபோது, அவள் அதனுடன் வந்த காகிதத்தைத் தேடியெடுத்துப் படித்தாள். அடியில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மாவு அரைபட்டது. அந்த மாதமே ஸ்டோர் ரூம் சாவி அவள் கைக்கு வந்தது. திருக்கழுக்குன்றம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்த ஏசுபாதத்தின் இரண்டாவது மகள் அவள். நாற்பத்து மூன்று வயது.

மூத்தவள் ஹெலன். கோவளத்தில் வீட்டோடு தையல் மிஷின் போட்டு, ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாள். அவள் கணவர் பஸ் டிரைவர். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். ஐந்து வருடங்களுக்கு முன் வந்த ஒரு காய்ச்சலில் ஹெலனுக்கு இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. நேரில் பேசினால், காதால் பாதி, உதட்டைப் பார்த்துப் பாதி என்று பிடித்துக்கொள்வாள். போனில் உதடு இல்லை. மருத்துவ முகாமில் கொடுத்த காது மிஷினைப் போட்டுக்கொண்டு போனைக் கிட்டே கொண்டுபோனால், அது உய்யென்று கூவும். ஸ்பீக்கரில் போட்டால் சொற்கள் ஒன்றோடொன்று குழைந்து இரைச்சலாக வரும். துணி கொடுப்பவர்களை வாட்ஸ்அப்பில் எழுதச் சொல்லலாமே என்றாள் ரெபேக்காள்.

"காலு மிசின்ல கீது, கையி துணில கீது. எத்த வெச்சி எழுதறது?" என்றாள் ஹெலன். "அதுவும் இல்லாம, அவங்கல்லாம் போன்தான் போடுவாங்க."

போன வருடம் கல்பாக்கத்திலிருந்து அனு என்றொரு பெண் தம்பி கல்யாணத்துக்குப் பட்டு ஜாக்கெட் கொடுத்தாள். அளவெல்லாம் நேரில் எடுத்தாயிற்று. இரண்டு நாள் கழித்துப் போன் செய்து, கழுத்து மட்டும் போட் நெக்காக வேண்டும் என்றாள். ஹெலன் காதில் பாட் நெக் என்று விழுந்தது. தோளோடு தோள் நேராக ஓட வேண்டிய கழுத்து, முதுகில் பானை வடிவத்தில் இறங்கிப்போயிற்று. அனு சண்டை போடவில்லை. பரவாயில்லைக்கா, முந்தானையில் மறைத்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனாள்; அதற்குப் பிறகு வரவில்லை. ஹெலன் போனை நூல்கண்டு டிராயருக்குள் போட்டு மூடினாள். ரெபேக்காள் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. எடுத்தாலும் எதற்கும் "ஆங், ஆங்" என்பாள். ரெபேக்காள் தன் மாமனார் இறந்த செய்தியைச் சொன்னபோதும் "ஆங், நல்லது" என்றாள்.

அந்த வாரமே ரெபேக்காள் லீவு போட்டு, அக்காவின் போனை எடுத்துக்கொண்டு கேளம்பாக்கத்தில் பன்னீர்செல்வத்தின் ரிப்பேர் கடைக்குப் போனாள். அவர் போனைக் காதில் வைத்துப் பார்த்தார்.

"ஸ்பீக்கரு நல்லாதாம்மா கீது. கம்பெனிக்காரனே சத்தத்த இவ்ளோதான்னு கட்டி வெச்சிருக்கான். அதுக்கு மேல போவாது."

"அந்தக் கட்ட அவுக்க முடியாதா?"

"ரூட் பண்ணா அவுக்கலாம்."

"ரூட்டா? இன்னா ரூட்டு?"

"பஸ் ரூட் இல்லம்மா. போனுக்குள்ள நீயும் நானும் கை வெக்க முடியாத எடம் ஒண்ணு கீது. அதுக்கு சாவி வாங்கறதுக்குப் பேருதான் ரூட்டு. ஏடாகூடம் ஆச்சுனா போன் செங்கல்லு ஆயிடும், அப்பறம் எழுந்திரிக்காது. நான் செய்யறதில்ல. நீயும் வுட்டுடு."

சாவி என்ற சொல் ரெபேக்காளுக்குப் பிடித்திருந்தது.

விடுதியில் மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்குப் பாத்திரம் கழுவப் போய்விடும். நாலு மணிக்குச் சுண்டல் ஏறும்வரை அவளுக்கு ஓய்வு. அந்த இரண்டு மணி நேரத்தில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ரூட்டைப் பற்றி மூன்று வாரம் படித்தாள். ஆங்கிலத்தில் இருந்ததை மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தாள்; அது தந்த தமிழ் ஆங்கிலத்தைவிடக் கஷ்டமாக இருந்ததால் மறுபடி ஆங்கிலத்துக்கே போனாள். ரொம்ப ஈஸி என்று தொடங்கிய வீடியோக்களை அவள் இரண்டாம் முறை பார்க்கவில்லை. என் போன் செத்துப்போயிற்று என்று எழுதியவர்களைத் தேடித் தேடிப் படித்தாள். எங்கே தவறினார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டாள். பெரும்பாலோர் தங்கள் போனுக்கு உரியதல்லாத கோப்பை ஏற்றியிருந்தார்கள்.

இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும். ரயில் நிலையத்துக்கு எதிரே ரேணுகா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். முப்பது வயது, விடுதிக்குப் பட்டியல் அடித்துத் தந்து பழக்கம்.

"எனக்கு ஆதார் பிரிண்ட் எடுக்கத்தான்க்கா தெரியும்," என்றாள் ரேணுகா.

"எனக்கும் ஒண்ணும் தெரியாது. ரெண்டு பேருமா பாக்கலாம். கேபிள் மட்டும் நல்லதா ஒண்ணு எடுத்து வை."

ஞாயிற்றுக்கிழமை கோவளம் போய், அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து, உதடு தெரியும்படி ஒவ்வொன்றாகச் சொன்னாள். போனில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பணம் அனுப்பும் ஆப் அதற்குப் பிறகு வேலை செய்யாமல் போகலாம். போனே செத்தாலும் சாகலாம்.

"இப்ப மட்டும் இன்னா, உசுரோடவா கீது?" என்றாள் ஹெலன்.

அழிவதற்கு முன் போனில் இருந்த நம்பர்களை எல்லாம் ரெபேக்காள் நோட்டில் எழுதினாள். நூற்று முப்பத்தெட்டு. ஹெலன் பெயர்களைப் போட்டிருந்த விதம் அவளுக்கு மட்டுமே புரியும்: பச்சை கேட்டு டீச்சர், லேஸ் கேக்கறவங்க, மெலிஞ்ச டாக்டரம்மா, முன்னாடி மெலிஞ்ச டாக்டரம்மா. படங்களைத் தன் போனுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு செட்டிங்ஸில் போய், போன் எந்தப் பதிப்பு என்று காட்டும் பில்ட் எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டு, அந்த எண் மேலேயே விரலால் ஏழு முறை தட்டினாள். நீங்கள் இப்போது டெவலப்பர் என்று போன் சொன்னது. அதை அக்காவிடம் காட்டினாள்.

"யாரு, நீயா?" என்று கேட்டு ஹெலன் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்தது.

ரூட்டுக்கு முன் போனின் உள்பூட்டைத் திறக்க வேண்டும்; அதற்கு அனுமதி கேட்டால் ஏழு நாள் பொறுத்து வா என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். பதற்றத்தில் செய்பவர்கள் யோசிக்கட்டும் என்று வைத்திருப்பார்கள் போல. அந்த ஏழு நாளும் போன் ஹெலனிடமே இருந்தது.

எட்டாம் நாள் மத்தியானம், அக்காவிடமிருந்து வாங்கி வந்த போனோடு, ரேணுகாவின் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். ரெபேக்காள் போனை அணைத்து, இரண்டு பொத்தான்களைச் சேர்த்துப் பிடித்து, கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்தாள். நோட்டில் எழுதியிருந்த கட்டளையை ஒவ்வொரு எழுத்தாக ரேணுகா தட்டினாள். பூட்டு திறந்தது, போன் தன்னைத் தானே துடைத்துக்கொண்டது. அதுவரை சரி. அடுத்தது, போன் கண் விழிக்கும்போது முதலில் படிக்கும் கோப்பு. நோட்டில் குறித்த எண்ணுக்கு உரிய நகலை நெட்டிலிருந்து இறக்கி, ரூட்டுக்கான திருத்தத்தைச் செய்து, பழையது இருந்த இடத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றினார்கள்.

திரையில் கம்பெனி பெயர் வந்தது. அணைந்தது. மறுபடி வந்தது. மறுபடி அணைந்தது.

"இருங்கக்கா, கொஞ்சம் டைம் எடுக்கும் போல," என்றாள் ரேணுகா.

இருபது நிமிடம் பார்த்தார்கள். வருவதும் அணைவதுமாகவே இருந்தது. செத்துப்போயிற்று என்று எழுதியவர்களின் வரிசையில் தானும் போய் நிற்பதாக ரெபேக்காளுக்குத் தோன்றியது. நாலு மணிக்கு விடுதிக்குப் போனவள் சுண்டலுக்கு உப்புப் போடவே மறந்தாள். பெண்பிள்ளைகள் தட்டோடு வந்து உப்பு கேட்டு வாங்கிப்போனார்கள்.

இரவு முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை. மறுநாள் காலை பருப்பு அளந்துகொண்டிருந்தபோது, அக்கா போன வாரம் அதிசயமாக வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிய ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. வேலை அவசரத்தில் சரியாகப் பார்க்காமல் விட்டது. எடுத்துப் பார்த்தாள்: போன் தானா அணஞ்சி தானா எரிஞ்சிச்சி, அப்டேட்டுனு இன்னாமோ வந்துச்சி.

படியை மூட்டைக்குள்ளேயே போட்டுவிட்டு நின்றாள். நோட்டில் அவள் குறித்த எண் பழையது. காத்திருந்த வாரத்தில் போன் அடுத்த பதிப்புக்குப் போய்விட்டிருந்தது. இவர்கள் ஏற்றியது முந்தைய பதிப்பின் கோப்பு. அதாவது போன் சாகவில்லை. மிஷினுக்குப் பொருந்தாத ஊசியை மாட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் புதிய பதிப்பின் கோப்பைத் தேடி இறக்கினார்கள். இந்த முறை எண்ணை ரேணுகா வாசிக்க, ரெபேக்காள் திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தாள். பிறகு ஆள் மாறி மறுபடி சரிபார்த்தார்கள். முதலில் திருத்தம் செய்யாத கோப்பை அப்படியே ஏற்றினார்கள். கம்பெனி பெயர் வந்தது, நின்றது, மொழியைத் தேர்ந்தெடுங்கள் என்று ஒரு பக்கம் வந்தது. ரேணுகா எழுந்துபோய் இரண்டு டீ சொல்லிவிட்டு வந்தாள். அந்த டீ ஆறும்வரை இருவரும் போனைத் தொடவில்லை.

அதன் பிறகு திருத்திய கோப்பு. அதுவும் ஏறியது. போன் எழுந்து நின்றது. ரூட் அனுமதி தரட்டுமா என்று கேட்டது. ரெபேக்காள் தரலாம் என்று அழுத்தினாள்.

உள்ளே, ஒலிக்கென்று இருந்த கோப்பு ஒன்றில் வரிவரியாக எண்கள். காதில் வைத்துக் கேட்கும் ஒலிக்கான வரியில் 84 என்று இருந்தது. கோப்புக்கு முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, அதை 86 ஆக்கினாள். ரேணுகா ரயில் நிலையப் படிக்கட்டுவரை போய் அங்கிருந்து பேசினாள். கொஞ்சம் கூடியிருந்தது. 88 இன்னும் நன்றாக இருந்தது. 92 வைத்தபோது குரல் தகர டப்பாவில் பேசுவதுபோல அதிர்ந்தது. இதற்கு மேல் போனால் ஸ்பீக்கரும் கெடும், காதும் கெடும் என்று படித்திருந்தாள். 88க்கே திரும்பி வந்து நிறுத்திக்கொண்டாள்.

ஞாயிறு கோயில் முடிந்து கோவளம் போனாள். போனை அக்கா கையில் கொடுத்து வீட்டுக்குள் உட்காரவைத்துவிட்டு, தெருவில் இறங்கி, பஸ் நிற்கும் இடம்வரை நடந்தாள். முகம் தெரியாத தூரம் வேண்டும் என்று. அங்கே இரண்டு பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன. நம்பரை அழுத்தி, ஐந்து வருடப் பழக்கத்தில் தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"அக்கா, கேக்குதா? அக்கா..."

"ஏண்டி கத்தற?" என்றாள் ஹெலன்.

ரெபேக்காள் குரலைத் தாழ்த்தினாள். "இப்ப?"

"கேக்குது. நல்லா கேக்குது. பஸ்ஸு சத்தம் கூட கேக்குது." பிறகு, "உனுக்குத் தொண்ட கட்டினு கீதே. மாத்திர போட்டியா?"

தொண்டை நான்கு நாளாகக் கட்டியிருந்தது உண்மைதான். சற்று முன்வரை எதிரே உட்கார்ந்து பேசியவளுக்கு அது தெரியவில்லை, போனில் தெரிந்துவிட்டது. ரெபேக்காள் பஸ் நிறுத்தத்துத் திண்டில் உட்கார்ந்து, இல்லைக்கா, போடுகிறேன் என்றாள். திரும்பி வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் பேசிக்கொண்டே போனார்கள். ரெபேக்காள் வாசலில் வந்து நின்ற பிறகும் ஹெலன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

பணம் அனுப்பும் ஆப், சொன்னபடியே, உங்கள் சாதனம் பாதுகாப்பானதாக இல்லை என்று மறுத்துவிட்டது. அதை ஹெலன் கணவர் போனுக்கு மாற்றிவிட்டார்கள். அப்டேட் தானாக வராதபடி ரெபேக்காள் நிறுத்திவைத்திருக்கிறாள்; தெரியாத எந்த ஆப்பையும் ஏற்றக் கூடாது, யாராவது ரூட் அனுமதி கேட்டால் தரக் கூடாது என்று அக்காவிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். இன்னொரு சின்னத் தொல்லையும் உண்டு. பக்கத்தில் இருப்பவர்களுக்கும் பேச்சு கேட்கிறது. ஷேர் ஆட்டோவில் போகும்போது ஹெலன் யாருடைய அளவையும் போனில் கேட்பதில்லை.

முதல் வாரத்திலேயே அவள் அனுவைக் கூப்பிட்டாள். ஜாக்கெட்டைக் கொண்டுவந்தால் முதுகை அடைத்துப் புதிதாகத் தைத்துத் தருவதாகச் சொன்னாள். அனு அதைக் கொண்டுவரவில்லை. பானைக் கழுத்து பழகிவிட்டது, இன்னும் இரண்டு அதே மாதிரி தைத்துக் கொடுங்கள் என்று துணியோடு வந்தாள்.

பன்னீர்செல்வத்துக்கு எப்படியோ செய்தி போயிற்று. தன்னால் முடியாததைக் கேட்டு வருபவர்களை இப்போது அவர் பொத்தேரிக்கு அனுப்புகிறார். ரெபேக்காள் அவர்களை ரேணுகா கடையில் உட்காரவைத்து, எதற்காக என்று முதலில் கேட்கிறாள். சும்மாதான் என்பவர்களையும், பேங்க் வேலையெல்லாம் இந்தப் போனில்தான் என்பவர்களையும் திருப்பி அனுப்பிவிடுகிறாள். இதுவரை வந்த ஒன்பது பேரில் இரண்டு பேருக்குத்தான் செய்தார்கள். ஒருவர் நெம்மேலிக்காரர், காது மந்தமான அம்மாவுக்காக வந்தவர்.

ஞாயிறு மத்தியானங்களில் ஹெலன்தான் கூப்பிடுகிறாள். முக்கால் மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம். போன வாரம் இருவருக்கும் சண்டைகூட வந்தது, மீன் குழம்புக்கு மாங்காய் எப்போது போடுவது என்று. கடைசியில் போடாதே என்று சொல்லி ஹெலன் போனை வைத்துவிட்டாள். ரெபேக்காள் சிரித்துக்கொண்டே எழுந்துபோய் மாங்காயை நறுக்கினாள்.