பந்து சரிவில் போனால்

எங்கள் மைதானத்தின் கிழக்குக் கோட்டைத் தாண்டி நாலடி வைத்தால் நிலம் சரிந்துவிடும். கீழே குச்சிக்கிழங்குக் காடு, அதற்கும் கீழே மிளகுக்கொடி ஏறிய மரங்கள், அப்புறம் ஓடை. பந்து அந்தப் பக்கம் போனால் லேசில் நிற்காது. அதனால் மலையில் ஒரு வழக்கம் உண்டு. உதைத்தவன்தான் போய் எடுத்து வர வேண்டும். அவன் திரும்பி வரும்வரை மற்றவர்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். ஆட்ட நேரமும் ஓடாது. இது எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது, ஆனால் மீறிய ஒருத்தனைக்கூட நான் பார்த்ததில்லை.

மாற்றலாகி வந்த புதிதில் எனக்கு இது மகா எரிச்சல். நான் சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டுக்காரன், அரசு அலுவலகத்தில் எழுத்தர். இளவயதில் கொஞ்சம் ஆடியவன், மனு எழுதத் தெரிந்தவன் என்பது தெரிந்ததும் ஊர்க் கால்பந்து கிளப்புக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். முன்கோபக்காரன் என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் சேரலாம் என்று கிளப்பி விட்டது நான்தான். சங்கத்து லீக்கில் ஆடாதவனை மாவட்ட அணித் தேர்வுக்குக் கூப்பிட மாட்டார்கள். எவ்வளவு நன்றாக ஆடினாலும் மலைக்குள்ளேயே ஆடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். சங்கத்தில் எங்களை லேசில் சேர்க்கவில்லை. மலையேறி யார் வந்து ஆடுவது என்று கமிட்டியில் கேட்டார்கள். வளைவுகளைச் சொன்னார்கள், மூடுபனியைச் சொன்னார்கள். கடைசியில், ஒரு வருடம் பார்க்கலாம் என்றார்கள். லீக்கில் கடைசி இடத்தில் முடித்தால் நீக்கம். கடைசி ஆட்டம் மட்டும் எங்கள் மைதானத்தில். அதற்குச் சங்கத்திலிருந்து ஒரு பார்வையாளர் வருவார். மைதானம் சரியில்லை என்று அவர் சொல்லிவிட்டாலும் நீக்கம்.

மற்ற ஆட்டங்களுக்கெல்லாம் முதல் பஸ்ஸைப் பிடித்து நாங்கள்தான் கீழே இறங்கினோம். ஒருமுறை பஸ் வளைவில் நின்றுபோய்த் தாமதமாகப் போனோம். ஆடாமலேயே எதிரணி ஜெயித்ததாக வாக்ஓவர் கொடுத்துவிட்டார்கள். நான் சங்க அலுவலகத்துக்குப் போய் மேசையைத் தட்டினேன். அங்கிருந்தவர் பதற்றப்படாமல் விதியை எடுத்துக் காட்டினார். விதி தெளிவாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

அந்த வாக்ஓவரால் எல்லாம் கடைசி ஆட்டத்தில் வந்து நின்றது. தோற்றால் கடைசி இடம். டிரா செய்தால் தப்பித்தோம்.

ஒரு வாரம் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. சங்கம் சொன்னபடி மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டினோம், கோல் வலையைத் தைத்தோம். ஆட்டம் தடைபடாமல் இருக்க மூன்று பந்து வேண்டும் என்பது விதி. ஒன்று ஆட்டத்தில், இரண்டு கோட்டோரம். எதற்கு மூணு என்று பையன்கள் சிரித்தார்கள். ஒன்று வெளியே போனால் காத்திருக்காமல் அடுத்ததை எடுத்து எறிவார்கள் என்று விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று நானும் நம்பினேன்.

அன்று எதிரணியின் வேன் வந்து நின்றதும் இரண்டு பேர் இறங்கி ஓரமாக வாந்தி எடுத்தார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், மறைப்பானேன். பார்வையாளர் வயதானவர், தொப்பி போட்டவர். மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து பார்த்தார், கோல் கம்பத்தை அளந்தார், வாயே திறக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

முதல் பாதியில் எதிரணிக்காரர் ஒருவர் பந்தைச் சரிவில் உதைத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் இடத்துக்குப் போனார். எனக்குப் பின்னால் நின்ற பெண் ஒருத்தி, "உதைச்சவரு அவரு பாட்டுக்குப் போறாரு பாருங்க" என்றாள். அதில் அவளுக்கு நிஜமான வருத்தம். எங்கள் மாற்று ஆட்டக்காரன்தான் இறங்கிப் போய்ப் பந்தை எடுத்து வந்தான். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

இரண்டாம் பாதியில் அவர்களுக்கு மலைக்காற்று பழகிவிட்டது. பந்து எங்கள் பக்கமே கிடந்தது. ஓடையிலிருந்து பனி மேலே ஏற ஆரம்பித்தது. கோல் இல்லை, நேரம் முடியப்போகிறது.

அப்போது அவர்களுடைய ஆள் ஒருவர் பந்தோடு தனியாகப் புறப்பட்டுவிட்டார். முன்னால் கோல் கீப்பர் மட்டும்தான். எங்கிருந்து வந்தானோ, பின்னால் நின்று தடுக்கிற எங்கள் பேக், மிளகு பறிக்கிற பையன், குறுக்கே விழுந்து பந்தை ஓங்கி உதைத்தான். பந்து கிழக்கே பறந்து சரிவில் மறைந்தது. தப்பித்தோம் என்று நான் கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் அவன் எழுந்து, கோட்டைத் தாண்டி, பந்துக்குப் பின்னாலேயே இறங்கிவிட்டான்.

பேர் சொல்லிக் கூப்பிட்டேன். "விட்டுட்டு வாடா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கீழிருந்து கையை மட்டும் தூக்கிக் காட்டினான், இதோ வந்துவிடுகிறேன் என்பதாக. மைதானத்தில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். ஒருவன் குந்தி உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கினான்.

எதிரணிக்காரர் கோட்டோரம் இருந்த பந்தை எடுத்தார். நான் துடைத்து வைத்த பந்து. எறிந்தார். பேக் நிற்க வேண்டிய இடம் வாசல் மாதிரித் திறந்து கிடந்தது. இரண்டே உதை, கோல்.

கயிற்றைத் தாண்டி ரெஃப்ரியிடம் ஓடினேன். எங்கள் ஆள் ஒருத்தன் கீழே இருக்கிறான் என்றேன். "நான் ஆட்டத்த நிறுத்தலீங்களே சார். அவராத்தானே போனாரு" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

எதிரணி கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தபோதுதான் அவன் தலை சரிவில் தெரிந்தது. கையெல்லாம் கீறல். பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தான். சட்டையில் பந்தைத் துடைத்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தான்.

"எறிஞ்சாச்சுங்களா சார்?" என்றான்.

அதற்குப் பிறகு ஆட்டம் கொஞ்ச நேரம்தான் நடந்தது. தோற்றோம். எல்லோரும் சேர்ந்து அவனைக் கடித்துக் குதறுவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேப்டன் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தான். உதைத்தவன் எடுக்கப் போனான், இதில் திட்டுவதற்கு என்ன இருக்கிறது என்பதுதான் அவர்கள் கணக்கு. கொதித்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

பார்வையாளர் வந்து முதல்முறையாக வாயைத் திறந்தார். மைதானத்தில் குறை ஒன்றுமில்லை, நல்ல விதமாகவே சொல்கிறேன், அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பியுங்கள் என்றார். மூன்று பந்து வைத்ததைத் தனியாகப் பாராட்டினார். அந்த மூன்றையும் ஓடையில் உதைத்துவிடலாமா என்று இருந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். இனி பந்து எங்கே போனாலும் நீ கோட்டைத் தாண்டக் கூடாது என்றேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு, "அப்ப பந்து கீழ போச்சுன்னா யாருங்க சார் போறது?" என்றான்.

"நான் போறேன். நீ உன் எடத்துல நில்லு" என்றேன். கோபத்தில் சொன்னதுதான்.

பார்வையாளர் சொன்ன வார்த்தைக்காகச் சங்கம் எங்களை மறுபடி ஒரு வருடத்துக்குச் சேர்த்துக்கொண்டது. அதே நிபந்தனைகள். மறுபடியும் கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், மறுபடியும் டிரா வேண்டும். இரண்டாம் பாதியில் அவன் உதைத்த பந்து கிழக்கே போனது. கோடு வரைக்கும் ஓடியவன் அங்கேயே நின்று, அரைக்கால் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் இறங்கினேன்.

ஆபீஸ் பேன்ட்டோடு சேற்றில் இரண்டு முறை விழுந்தேன். பந்து மிளகுக்கொடி ஏறிய ஒரு மரத்தடியில் கிடந்தது. அதைக் கையில் எடுத்தபோது மேலே பெரிய கூச்சல். யார் கத்துகிறார்கள் என்று தெரியவில்லை. கோலா, இல்லையா, தெரியவில்லை. கையும் காலுமாகத் தவழ்ந்து ஏறினேன். அவ்வளவு பயந்து நான் எங்கேயும் ஏறியதில்லை.

மேலே வந்ததும் முதலில் பார்த்தவரிடம், "எறிஞ்சாச்சா?" என்று கேட்டேன்.

"ஆச்சுங்க சார். நம்ம மிளகுப் பையன்தான் தலையக் குடுத்துத் தடுத்துட்டானுங்க" என்றார்.

அவன் எங்கே என்று தேடினேன். கோலுக்கு முன்னால், நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருந்தான். என் கையில் பந்து இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.