கான்ட்ராக்டுக்கு வேன் கிடையாது

"கான்ட்ராக்டுக்கு வேன் கெடையாது மாப்ள" என்று பெரிய மாமா சொன்னதும், பெண்ணாடத்துக்கு இப்பால் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சமையல் பாத்திரங்களோடு வேனுக்குள் இருந்த அம்மாவும் சிரித்தாள். எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் அப்பாதான். வலது பாதத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டே சிரித்தார்.

மாமா, அம்மாவின் அண்ணன். நெய்வேலிச் சுரங்கத்தில் ஃபோர்மேன், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். வருடாவருடம் சமயபுரத்துக்குப் பாதயாத்திரை கூட்டிப்போகிறவர். தை பிறந்ததும் பேர் கொடுத்துவிட வேண்டும். எங்கே காபி, எங்கே சோறு, யாரோடு யார் நடப்பது, எல்லாவற்றையும் ஷிப்ட் போடுவதுபோலப் போட்டுவிடுவார். முன்கூட்டிப் பேர் கொடுத்தவர்கள் பர்மனென்ட். கிளம்பும்போது வந்து ஒட்டிக்கொண்டவர்கள் கான்ட்ராக்ட். பர்மனென்ட் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் கான்ட்ராக்டுக்கு இலை. கால் வலித்தால் வேனில் ஏறும் உரிமையும் பர்மனென்டுக்கே. நெய்வேலிக்காரர்களுக்கு இது விளக்க வேண்டாத வேடிக்கை. மற்றவர்களுக்கு விளக்கினாலும் இதிலுள்ள விஷம் ஏறாது.

அப்பா டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து கிராமத்துக்காரர். அதே சுரங்கத்தில் நிஜமாகவே கான்ட்ராக்ட். இன்றைக்குப் பர்மனென்ட் ஆகும், நாளைக்கு ஆகும் என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். முன்யோசனைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். முறுக்கு வாங்கப் போய்ப் பலாப்பழத்தோடு வருவார். பேர் கொடுத்திருந்தது அம்மாவும் நானும்தான். நைட் ஷிப்ட் முடிந்த கையோடு எங்களை வழியனுப்ப வந்தவர், மேளச் சத்தம் கேட்டதும், "நானும் வந்துர்றேங்க மச்சான். இந்த வாட்டியாவது ஆத்தா என்னப் பர்மனென்ட் ஆக்கிடுவா" என்று ஷூவைக் கழற்றி வேனில் போட்டுவிட்டு வேலைச் சட்டையோடு நடக்கத் தொடங்கிவிட்டார். சர்க்கரை மாத்திரை வீட்டிலேயே கிடந்தது. உள்ளதைச் சொன்னால், அந்தக் கூட்டத்தில் அவரைப்போல ஆனந்தமாக நடந்தவர்கள் யாருமில்லை. தோப்புக்குத் தோப்பு இறங்கி முந்திரிப்பழம் கேட்டு வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார்.

அப்படி இறங்கியதில் எங்கேயோ முள் ஏறியிருக்கிறது. சர்க்கரைக் கால், உறைக்கவில்லை. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் வேன் பக்கம் வந்தார். வேன் பாதி காலியாகத்தான் இருந்தது. மாமா கெட்டவர் இல்லை. ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தால் ஏற்றியிருப்பார். ஆனால் அவ்வளவு சிரிப்புக்கு நடுவில் எந்த ஆம்பிளை கெஞ்சுவான்? "நடந்துகினே இருந்தா சரியாப் பூடும்" என்று எழுந்தவர், கோயில்வரை நடந்தார். ஊர் திரும்பியதும் முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்காலுக்குக் கீழே முழுவதையும்.

மாமா ஆப்பிளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நிஜமாகவே கண் கலங்கினார். "மொதல்லயே பேர் குடுத்திருந்தா வேன்ல ஒக்கார வச்சே கூட்டிகினு போயிருப்பனே மாப்ள" என்றார். பாவி மனிதர், அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

ஒற்றைக் காலுக்குக் கான்ட்ராக்ட் வேலையும் கிடையாது. அப்பா இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இந்த வருடம் மார்கழியிலேயே மாமாவுக்குப் போன் போட்டு, முதல் ஆளாகப் பேர் கொடுத்தார். மாமா நேரிலேயே வந்து, "இனிமே நீ பர்மனென்ட் மாப்ள. முன்சீட்டு ஒனக்குத்தான்" என்று தோளில் தட்டினார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. கண் நிறைந்துபோய் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தியாடி, ஆத்தா கேட்டுட்டா."