மலை சுற்றிய மெழுகு வில்லை

அம்மாவின் மார்பிலிருந்து எடுத்த கட்டியின் ஒரு துண்டை மெழுகில் பதித்து, தீப்பெட்டியைவிடச் சின்ன வில்லையாக ஒரு டப்பாவில் போட்டு ஆஸ்பத்திரியில் என்னிடம் கொடுத்தார்கள். வேலூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் அதை நான் சேர்க்க வேண்டும். அங்கே மூன்று விஷயங்கள் பார்ப்பார்கள். ஹார்மோனைப் பிடித்து வளர உதவும் புரதம் கட்டியில் இருக்கிறதா, வேகமாக வளரச் செய்யும் இன்னொரு புரதம் ஜாஸ்தியா, செல்கள் எவ்வளவு அவசரமாகப் பெருகுகின்றன. நோய் இனி எப்படிப் போகும், மாத்திரைக்கு அடங்குமா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். இதைப் படித்து வேலை பார்க்கிறவள் நான். ஆனாலும் முந்தின இரவு தூங்கவில்லை.

புறப்பட்ட அன்று பௌர்ணமி. எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. அன்றைக்கு வண்டி எதுவும் உள்ளே வராது. வேங்கிக்கால் பக்கம் போட்டிருந்த தற்காலிக பஸ் நிலையம் வரை நடக்க வேண்டும். அம்மாவும் அத்தையும் கூடவே வந்தார்கள்.

வாசலைத் தாண்டியதும் அத்தை நின்றுவிட்டாள்.

"இப்படியே போனா கட்டியும் வலம் வந்த மாதிரிதானே? புண்ணியம் அதுக்குப் போயிடும்டி."

"அது செத்துப்போன செல்லு அத்தை."

"செத்தவங்களுக்குப் புண்ணியம் கிடையாதா? அதை எதிர்ப்பக்கமா தூக்கிட்டுப் போ. வந்த பலமெல்லாம் இறங்கிடும்."

எதிரே பார்த்தேன். பாதை நிறையத் தலைகள். எதிர்த்து நடந்தால் வேலூருக்கு மறுநாள்தான் போய்ச் சேரலாம்.

அம்மாதான் தீர்த்து வைத்தாள். "மலை வலது பக்கம் இருக்கு. டப்பாவை இடது கையில புடி. மேல துணியைச் சுத்திடு, அது மலையைப் பாக்க வேணாம்."

ஈரத் துண்டைச் சுற்றினேன். வெயிலில் மெழுகு இளகாமலிருக்கும் என்பது என் காரணம். யாரும் கேட்கவில்லை.

தடுப்புக் கட்டையருகே நின்ற போலீஸ்காரர் டப்பாவைப் பார்த்துக் கை நீட்டினார். "பிரசாதமாம்மா?"

"இல்லீங்க," என்றாள் அத்தை. "எங்க அண்ணி மாருல இருந்த கட்டி."

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தடுப்பை மூன்று ஆள் போகும் அளவுக்கு நகர்த்தினார். பின்னால் வந்த கூட்டமும் ஒதுங்கி வழிவிட்டது. பௌர்ணமியன்று யாரையும் இடிக்காமல் நடந்தவர்கள் நாங்கள்தான். பஸ் கிடைத்தது. சாயங்காலத்துக்குள் வில்லையைச் சேர்த்துவிட்டேன்.

சில நாள் கழித்து முடிவு என் கைப்பேசிக்கு வந்தபோது மூவரும் சமையலறையில் இருந்தோம். ஹார்மோன் புரதம் நிறைய இருந்தது. இரண்டாவது ஜாஸ்தி இல்லை. பெருகும் வேகம் கம்மி. மூன்றுமே நாங்கள் வேண்டிய பக்கம். இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"மாத்திரைக்கு அடங்குற வகைம்மா. டாக்டர் பாத்துட்டு எழுதுவார். அனேகமா தினம் ஒண்ணு, அஞ்சு வருஷம்."

அம்மா அடுப்பைத் தணித்தாள். "அஞ்சு வருஷத்துக்கா எழுதுவாங்க? அப்ப அதுவரைக்கும் நான் இருப்பேன்னு அவங்களே சொல்றாங்க."

மாத்திரைக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு அப்படியல்ல என்று விளக்க எனக்குத் தெரியும். "ஆமாம்மா" என்றேன்.

"ஆறாவது வருஷம் என்ன பண்ணுவீங்க அண்ணி?" என்றாள் அத்தை.

"அப்ப நீ இருந்தா, வந்து கேளு."