வால் பக்கத்தில் கழுத்துக் கோடுகள்

நடந்தது இந்த வரிசையில்தான்:

1. விநோதப் பிராணிகளைப் பிடித்துச் சேர்க்கும் அந்த வீடியோ கேமைத் தோழியின் போனில் ஏற்றிக் கொடுத்தது நான்.
2. அதில் வரும் புதைபடிவப் பிராணிகளைப் பற்றி ரசிகர்கள் விதவிதமாக ஊகம் எழுதுவார்கள் என்று அவளுக்குச் சொன்னதும் நான்.
3. பத்தே நாளில் அவள் தன் ஊகத்தை வீடியோவாகப் போட்டாள்.
4. அதே ஊகம் இரண்டு வருஷமாக என் நோட்டில் இருந்தது. நான் அதை யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும்தான்.

இருவருக்கும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை. தோல் தொழில்நுட்பம் படித்த நான் லேபில் தோலை இழுத்தும் வளைத்தும் சோதிக்கிறேன். அவள் கட்டிங் பிரிவு. வாணியம்பாடியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போதுதான் விளையாடுவாள்.

கேமில் ஒரு விஞ்ஞானி உண்டு. புதைபடிவத்தைக் கொடுத்தால் பழங்காலப் பிராணியை உயிரோடு எழுப்பித் தருவார். அப்படி வருவதில் ஒன்று மட்டும் கோணலாக நடக்கும். ஏன் என்பதில்தான் ரசிகர்களுக்குள் சண்டை. என் ஊகம் இது: மாட்டுத்தோலை விரித்தால் கழுத்துப் பக்கம் குறுக்கே சுருக்கக் கோடுகள் ஓடும். இந்தப் பிராணிக்கு அவை வாலுக்குச் சற்று மேலே இருக்கின்றன. அதாவது, விஞ்ஞானி தலையை வால் பக்கம் பொருத்திவிட்டார். இதற்கு என்னிடம் ஆறு ஆதாரங்கள் இருந்தன. ஏழாவது கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அவளிடம் இருந்தது ஒரு துண்டுத் தோல். கேன்டீன் படியில் உட்கார்ந்து அதைக் கேமராவுக்குக் காட்டினாள். "இது கழுத்து. தினம் இத ஒதுக்கிட்டுத்தான் ஷூவுக்கு வெட்றேன். இதுக்குக் கழுத்து பின்னாடி இருக்குது பாருங்க. தலைய மாத்தி வெச்சுட்டாங்க, பாவம்."

அவ்வளவுதான் வீடியோ. கட்டிங் மாஸ்டர்கூட அதை எல்லோருக்கும் அனுப்பினார். நானும் நன்றாக இருக்கிறது என்றேன். வீட்டுக்குப் போய் வேறொரு பெயரில் கணக்குத் தொடங்கி, வீடியோவுக்குக் கீழே எழுதினேன்: 'பருத்த பிராணிக்குப் பின்தொடையிலும் மடிப்பு விழும். இது ஆதாரமே இல்லை.' அந்த ஆட்சேபணை நிற்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் நாலு பேர் வந்து அதையே பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் மதியம் அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

"எவனோ பேஜார் பண்றான்டி. படிச்சவன் மாதிரி எழுதறான். இன்னா பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரில. நீ எழுதிக் குடு."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கான பதில் என் நோட்டில் மூன்றாவது ஆதாரம். அதற்குப் பதிலே கிடையாது என்று ஊரே நினைப்பதை என்னால் தாங்க முடியவில்லை. டெஸ்ட் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்: தொடை மடிப்பு காலின் போக்கில் சாயும், கழுத்துக் கோடு முதுகெலும்பைக் குறுக்கே கடக்கும், படத்தில் குறுக்கேதான் கடக்கிறது.

படித்துவிட்டு என்னையே பார்த்தாள். "இவ்ளோ தெரிஞ்சுக்கினு நீ ஏன்டி ஒண்ணும் போடல?"

நேரமில்லை என்றேன். அவள் சாப்பிட ஆரம்பித்தாள்.

இன்றைக்கு அந்த ஊகம் அவள் பெயரில் இருக்கிறது. அதற்குக் கீழே, 'லேப்ல இருக்கற என் தோஸ்த் சொன்னது' என்ற குறிப்போடு என் பதில் இருக்கிறது. அதற்கும் கீழே, யாருடையது என்று அவளுக்குத் தெரியாத அந்த ஆட்சேபணை. அதை நான் அழிக்கவில்லை. அவளிடம் சொல்லவும் இல்லை.